நேம் சர்வருக்கு ஐபிவி6: குமரி மாவட்ட இணையச் சேவை ஒன்றின் ஆறு மாதம்

பின்னணி

இது 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்தது. நாகர்கோவிலில் அலுவலகம் வைத்து, தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கங்களில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனம். கேபிள் டிவியில் தொடங்கி இணையத்துக்கு வந்தவர்கள். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நெட்வொர்க் வேலைக்கு நானும் ஓர் இளைஞனும். அவனை இங்கே தம்பி என்று குறிப்பிடுகிறேன்.

இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அதில் பழைய முறை ஐபிவி4, புதியது ஐபிவி6. எங்களிடம் இருந்த ஐபிவி4 முகவரிகள் 512. வீடுகளோ அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஒரு வெளி முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும் சிஜிநாட் முறையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். இணையப் பக்கம் பார்க்கவும் படம் பார்க்கவும் அது போதும். சிக்கல் சிசிடிவியில் வந்தது. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அங்கிருந்து வீட்டு வாசல் கேமராவை நேரே பார்க்க வேண்டும் என்பார்கள். பங்கு போட்ட முகவரிக்குப் பின்னால் இருக்கிற கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாது. மாதத்துக்கு நாலைந்து பேர் இதையே கேட்டார்கள்.

கூடுதலாக ஐபிவி4 வாங்கலாம் என்றால் கிடைக்கிற நிலை இல்லை. 32 பிட் முகவரி மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்னிக்கில் 2011 ஏப்ரல் 15-ஆம் தேதியோடு கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ரேஷன்தான். 128 பிட் முகவரி கொண்ட ஐபிவி6-இல் அந்தப் பஞ்சம் கிடையாது. எங்கள் பெயரில் /32 என்ற பெரிய ஐபிவி6 தொகுதி ஒன்று வாங்கிச் சில ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது. வீடுகளுக்கு அதைக் கொடுத்துவிடுவது என்று அண்ணாச்சி முடிவு செய்தார். அதற்கு முன்னால் டிஎன்எஸ், அதாவது தளப் பெயரை எண் முகவரியாக மாற்றிச் சொல்லும் அமைப்பு, தயாராக வேண்டும் என்று நான் சொன்னேன். அந்தத் தயாரிப்பில் நடந்ததுதான் இந்தக் குறிப்பு.

சர்வர்கள் இருந்த நிலை

டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேம் சர்வர்கள் இரண்டு. முதலாவது நாகர்கோவில் அலுவலகத்தில், இரண்டாவது மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை மாடியில். இரண்டிலும் சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளம், பைண்டு 9.11 என்ற நேம் சர்வர் மென்பொருள். எங்கள் சொந்த டாட்காம் பெயரோடு, வாடிக்கையாளர்களின் நாற்பது சொச்சம் டொமைன்களுக்கும் இவைதான் பொறுப்பு. ஒரு கல்லூரி, சில பள்ளிகள், முந்திரி ஏற்றுமதி செய்கிற இரண்டு நிறுவனங்கள் அதில் அடக்கம். அதே சர்வர்கள்தான் எங்கள் சந்தாதாரர்களின் வீட்டுக் கேள்விகளுக்கு ரிசால்வராகவும், அதாவது எந்தத் தளத்தின் முகவரியையும் வெளியே கேட்டு வாங்கித் தருபவையாகவும், வேலை பார்த்தன. இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் வைத்தது பழைய வழக்கம். மாற்றாமல் விட்டிருந்தோம்.

வேலை தொடங்குமுன் ஒன்றைத் தம்பியோடு உட்கார்ந்து தெளிவாக்கிக்கொண்டேன். கேள்வி எந்தப் பாதையில் வருகிறது என்பது வேறு, பதிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு. ஒரு தளத்துக்குக் குவாட் ஏ ரெக்கார்டு, அதாவது ஐபிவி6 முகவரி, எழுதி வைத்திருந்தால் அதை ஐபிவி4 வழியாகவும் கேட்கலாம். அது டொமைனின் ரெக்கார்டுகளை எழுதி வைக்கிற ஸோன் ஃபைலில் ஒரு வரி, அவ்வளவுதான். நேம் சர்வரையே ஐபிவி6 வழியாக எட்ட முடிகிறதா என்பது தனி வேலை. அதற்குச் சர்வர் காது கொடுக்க வேண்டும், எதை உள்ளே விடலாம் என்று பார்க்கிற ஃபயர்வால் விட வேண்டும், டாட்காம் போன்ற மேல் பதிவகத்தில் சர்வரின் முகவரி, நேம் சர்வரை எங்கே தேடுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லும் குளூ ரெக்கார்டாக ஏற வேண்டும். "நம்ம டொமைன்ல குவாட் ஏ இருக்கே அண்ணே, அப்ப ரெடிதானே?" என்று தம்பி கேட்டான். நான் பார்த்தவரை பல பேர் நின்றுவிடும் இடம் இதுதான்.

முதல் முயற்சி: ஜூலை

மேல் இணைப்புத் தரும் நிறுவனத்தின் நாகர்கோவில் ரூட்டரில் அப்போது ஐபிவி6 இல்லை. சென்னையில் இருக்கிற அவர்கள் ரூட்டருக்கு ஐபிவி6 பாக்கெட்டுகளை, அதாவது தகவல் பொட்டலங்களை, ஐபிவி4-க்குள் வைத்து அனுப்பும் ஒரு டன்னல் போட்டுத் தந்தார்கள். எங்கள் ஐபிவி6 முழுவதும் அதன் வழியாகத்தான் வெளியே போனது.

சர்வர்களில் ஐபிவி6 ஓடவிட்டோம். ரூட்டரின் அறிவிப்பைக் கேட்டு, நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் எண்ணிலிருந்து சர்வர் தானாக ஒரு முகவரி எடுத்துக்கொண்டது. அதையே அப்படியே குறித்துக்கொண்டோம். பைண்டில் ஐபிவி6-க்குக் காது கொடுக்கச் சொல்லும் வரியைச் சேர்த்தோம். ஃபயர்வாலில் ஐபிவி4-க்கு ஐபிடேபிள்ஸ், ஐபிவி6-க்கு ஐபி6டேபிள்ஸ். இரண்டும் தனித்தனி விதிப்பட்டியல்கள். முதலாவதில் எழுதிய எதுவும் இரண்டாவதுக்கு வராது. தம்பி புதிதாக எழுதினான்: டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாக வருகிற யுடிபி 53 திறப்பு, மற்றதெல்லாம் மூடல். உடனே ஐபிவி6 மொத்தமும் நின்றது. பக்கத்து மெஷினைக் கண்டுபிடிக்கிற வேலையே ஐபிவி6-இல் ஐசிஎம்பி என்ற அறிவிப்புச் செய்திகள் வழியாகத்தான் நடக்கிறது. தேடிப் பார்த்து 133 முதல் 136 வரையிலான ஐசிஎம்பி வகைகளைத் திறந்தான். எல்லாம் ஓடத் தொடங்கியது.

அலுவலக லேப்டாப்பிலிருந்து, டிஎன்எஸ் கேட்டுப் பார்க்க உதவும் டிக் கட்டளையில் ஐபிவி6 மட்டும் என்று சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். ஏ (ஐபிவி4 முகவரி), குவாட் ஏ, எம்எக்ஸ் (மெயில் சர்வர்) எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அன்று மாலையே இரண்டு சர்வருக்கும் குவாட் ஏ எழுதி, டொமைன் பதிவாளரின் பக்கத்தில் குளூவையும் ஏற்றினேன். வேலை முடிந்தது என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

வந்த புகார்

மூன்றாம் நாள் கல்லூரியில் கணினி பார்க்கிறவர் கூப்பிட்டார். "சாரே, தளம் தொறக்குது, கொழப்பம் இல்ல. ஆனா மெயில் சிலது ஒடனே போகுது, சிலது ராத்திரிதான் போய்ச் சேருது. பீஸ் கட்டச் சொல்லி அனுப்புனது பாதிப் பேருக்குக் கிடைக்கல்ல." அவர்கள் மெயில் எங்கள் சர்வரில் இல்லை, வெளியே ஒரு கிளவுட் சேவையில் இருக்கிறது. அதனால் முதலில் அதை எங்கள் கோளாறாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அப்படியே போனது. முந்திரி நிறுவனம் ஒன்றிலிருந்தும் அதே மாதிரிப் புகார் வந்தபோதுதான் உட்கார்ந்தேன்.

இரண்டு டொமைனுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே. இரண்டிலும் டிஎக்ஸ்டி என்ற எழுத்துக் குறிப்பு ரெக்கார்டுகள் குவிந்திருந்தன. மெயில் யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி ஒன்று. அது போக, இந்த டொமைன் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க ஒவ்வொரு சேவையும் போடச் சொன்ன வரிகள். பயன்படுத்தி முடித்த பிறகும் யாரும் அழிக்கவில்லை. கல்லூரியின் டிஎக்ஸ்டி பதில் 1,700 பைட்டைத் தொட்டது. மெயிலை வாங்குகிற சர்வர் எஸ்பிஎஃப் பார்க்க இந்த முழுப் பதிலையும் கேட்கும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் "பிறகு வா" என்று மெயிலைத் திருப்பி நிறுத்தும். தாமதம் அங்கேதான் வந்தது.

கண்டுபிடித்த விதம்

தம்பியை வைஃபையை அணைக்கச் சொன்னேன். அவன் கைபேசி சிம்மில் ஐபிவி6 உண்டு. இந்தியாவில் இன்று கைபேசி வலைகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மாடிப்படியில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தான். ஏ ரெக்கார்டு கேட்டான், வந்தது. கல்லூரியின் டிஎக்ஸ்டி கேட்டான். கர்சர் மின்னிக்கொண்டே நின்றது. ஐந்து வினாடி, மறுபடி ஐந்து, மறுபடி ஐந்து. எந்தச் சர்வரையும் எட்ட முடியவில்லை என்று முடிந்தது. அதே கேள்வி ஐபிவி4 வழியாக உடனே வந்தது. பெரிய பதிலுக்கு யுடிபிக்கு மாற்றாகப் பயன்படும் டிசிபி வழியாக ஐபிவி6-இல் கேட்டான், அதுவும் நின்றது.

அதே நேரம் நான் சர்வரில், வந்து போகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் இரண்டு துண்டாக வெளியே போனது. போன அடுத்த கணமே எங்கள் எல்லை ரூட்டரிடமிருந்து ஒரு ஐசிஎம்பி செய்தி திரும்பி வந்தது: பாக்கெட் பெரிது, 1480-க்குள் அனுப்பு. தம்பி ஒவ்வொரு முறை கேட்டபோதும் அது வந்தது. சர்வர் ஒவ்வொரு முறையும் அதே அளவில்தான் மறுபடி அனுப்பியது.

காரணம் இதுதான். டன்னல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 20 பைட் தலைப்புச் சேர்ப்பதால் 1500 பைட் பாதை 1480 ஆகிவிடுகிறது. ஐபிவி4-இல் நடுவில் இருக்கிற ரூட்டரே பெரிய பாக்கெட்டை வெட்டி அனுப்பும். ஐபிவி6-இல் நடு ரூட்டர் வெட்டாது. அனுப்பியவரிடம் "பெரிது" என்று சொல்லிவிட்டுக் கீழே போட்டுவிடும். அந்தச் செய்தி ஐசிஎம்பி வகை 2. நாங்கள் 133 முதல் 136 வரை திறந்தோம், 2-ஐத் திறக்கவில்லை. டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடுவதால் என் கண்ணுக்கு அந்தச் செய்தி தெரிந்தது. இயங்குதளத்தின் உட்பகுதியான கர்னலுக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஐசிஎம்பிவி6-இல் எதை மூடலாம், எதை மூடவே கூடாது என்று 2007-இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 4890 தெளிவாகப் பட்டியல் போட்டிருக்கிறது. மூடவே கூடாத பட்டியலில் இந்த வகை 2 இருக்கிறது. வேலைக்கு முன்னால் நான் அதைப் படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு டிசிபி 53. யுடிபியில் அடங்காத பதிலுக்கு ரிசால்வர் டிசிபிக்கு மாறிக் கேட்கும். ஐபிவி4 பட்டியலில் டிசிபி 53 எப்போதோ திறந்திருந்தது. ஐபிவி6 பட்டியலில் இல்லை. ஆக, சின்னப் பதில் எல்லாம் போனது, பெரிய பதில் எந்த வழியிலும் போகவில்லை. அலுவலகத்துக்குள்ளிருந்து சோதித்தபோது டன்னலைத் தாண்டவே இல்லை, பெரிய பதில் எதையும் கேட்கவும் இல்லை. அதனால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஒன்றுமே பேசாத சர்வராக இருந்திருந்தால் ரிசால்வர்கள் சீக்கிரமே அதை ஒதுக்கிவிட்டு ஐபிவி4 முகவரிக்குப் போயிருக்கும். எங்கள் சர்வர் பாதிக் கேள்விக்கு நல்ல வேகத்தில் பதில் சொன்னது. அதனாலேயே ரிசால்வர்கள் அதை நம்பித் திரும்பத் திரும்ப வந்தன.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, குளூவை எடுத்துவிடுவதா, இருக்கும் இடத்திலேயே சரிசெய்வதா என்பது. டாட்காம் பதிவகத்தில் இந்த ரெக்கார்டுகளின் ஆயுள் 172800 வினாடி, இரண்டு நாள். எடுத்தாலும் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற ரிசால்வர்களிடம் அதுவரை அது இருக்கும். ஃபயர்வாலைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. அதனால் அன்றிரவே வகை 2-ஐயும் டிசிபி 53-ஐயும் திறந்தோம். பைண்டில் யுடிபி பதிலின் உச்ச அளவை 1232 என்று எழுதினோம். ஐபிவி6-இல் எந்த இணைப்பும் குறைந்தது 1280 பைட்டைச் சுமந்தாக வேண்டும். அதில் தலைப்பு 40, யுடிபி தலைப்பு 8 போனால் மிச்சம் 1232. 2020 அக்டோபர் 1-ஆம் தேதி டிஎன்எஸ் கொடி நாளில், அதாவது எல்லாரும் சேர்ந்து மாறக் குறித்த நாளில், உலகம் முழுக்கப் பரிந்துரைத்த எண் இது. புதிய பைண்டு பதிப்புகளில் இயல்பாகவே இருக்கிறது, எங்கள் 9.11-இல் இல்லை.

இரண்டாவது முடிவு, மார்த்தாண்டம் சர்வரின் குளூவையும் குவாட் ஏ-வையும் திரும்பப் பெற்றது. தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "சரியாயிட்டே அண்ணே, எதுக்கு எடுக்கணும்?" என்றான். ஒரு சர்வராவது நன்கு பழகின ஐபிவி4 பாதையில் மட்டும் நிற்கட்டும் என்று நான் நினைத்தேன். ஒவ்வொரு ஸோனுக்கும் ஐபிவி4-இல் எட்டக்கூடிய சர்வர் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3901 சொல்கிறது. எங்கள் இரண்டு சர்வரிலும் ஐபிவி4 இருந்ததால் அந்த விதி உடையவில்லை. ஆனால் இன்னும் முழுதாக நம்பாத பாதையில் இரண்டையும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மறுநாளே மெயில் புகார் நின்றது. கல்லூரிக்காரரிடம் பழைய சரிபார்ப்பு வரிகளின் பட்டியலைக் கொடுத்தேன். அவர் பாதிக்கு மேல் அழித்தார், பதில் 800 பைட்டுக்குக் கீழே வந்தது.

ஆகஸ்ட்: வீடுகளுக்கு ஐபிவி6

கருங்கல் பக்கம் நாற்பது வீடுகளுக்குச் சோதனையாகக் கொடுத்தோம். அவர்கள் கேள்வி ஐபிவி6 வழியாக எங்கள் சர்வருக்கு வந்ததும் "மறுப்பு" என்று பதில் போனது. யாருக்கு ரிசால்வராக வேலை செய்யலாம் என்ற பட்டியலில் எங்கள் ஐபிவி4 தொகுதிகள் மட்டுமே இருந்தன. வீட்டுக்காரர்கள் கூப்பிடவே, தம்பி இரவோடு இரவாக அந்த இடத்தில் எல்லாருக்கும் என்று எழுதிவிட்டான். அவன் பதற்றம் எனக்குப் புரிந்தது. ஆனால் அதனால் உலகத்தில் யார் கேட்டாலும் பதில் சொல்லும் திறந்த ரிசால்வராக எங்கள் சர்வர் மாறியது. பொய் முகவரியில் சின்னக் கேள்வி கேட்டு, பெரிய பதிலை இன்னொருவர் தலையில் கொட்ட வைக்கிற தாக்குதலுக்கு இப்படிப்பட்ட சர்வரைத்தான் தேடுவார்கள். மூன்று நாள் கழித்து லாகைப் புரட்டியபோது எங்கள் தொகுதியில் இல்லாத முகவரிகளைப் பார்த்துத் திகைத்தேன். உடனே மூடினோம்.

அதோடு இரண்டு வேலையையும் பிரித்தோம். பைண்டு எங்கள் டொமைன்களுக்கு மட்டும். வீடுகளுக்கு அன்பவுண்டு என்ற ரிசால்வர் மென்பொருள் ஓடுகிற தனிப் பெட்டிகள், எங்கள் தொகுதியிலிருந்து மட்டும் எட்டக்கூடியவை. அந்த ரிசால்வர் முகவரியை வீடுகளுக்கு, கருவிகள் அமைப்புகளைக் கேட்டு வாங்கும் டிஹெச்சிபிவி6-இல் மட்டும் கொடுத்தால் போதாது. ஆண்ட்ராய்டு அப்போது அதைக் கேட்பதே இல்லை. ரூட்டர் அறிவிப்பிலேயே ரிசால்வர் முகவரிக்கென்று உள்ள ஆர்டிஎன்எஸ்எஸ் பகுதியில் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இதே மாதம், முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் ஸோனும் எழுதினோம். ஐபிவி6 முகவரியில் 32 பதினாறடிமான இலக்கங்கள். ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து முன்னாக, நடுவே புள்ளி வைத்து எழுத வேண்டும். சுருக்கி எழுதிய முகவரியில் மறைந்திருக்கிற சுழியங்கள் எல்லாம் திரும்ப வர வேண்டும். முதல் தடவை தம்பி கையால் எழுதினான். ஒரு சுழியம் குறைந்து 31 ஆகிவிட்டது. பைண்டு ஒரு பிழையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது, பதில்தான் வரவில்லை. பிறகு இதைக் கையால் எழுதுவதையே நிறுத்தி, முழு முகவரியிலிருந்து எழுதித் தரும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்துக்கொண்டோம்.

ஐப்பசி இடி

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் மதியம் மழையோடு இடி. எங்கள் ஊர்ப்பக்கம் ஐப்பசியில் இது வாடிக்கை. மொட்டை மாடி டவரிலிருந்து இறங்கிய செப்புக் கேபிள் வழியாக அடித்து, நாகர்கோவில் நேம் சர்வரின் நெட்வொர்க் கார்டு போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் வேறு கார்டு போட்டோம். ஐபிவி4 முகவரி கையால் எழுதியது, அப்படியே திரும்பியது. கண்காணிப்புத் திரையில் பச்சை வந்தது.

ஐபிவி6 முகவரி மேக் எண்ணிலிருந்து தானாக வந்தது என்று சொன்னேன் அல்லவா? புதுக் கார்டு, புது மேக், புது முகவரி. குளூவிலும் குவாட் ஏ-விலும் இருந்தது பழையது. பதினோரு நாள் அந்த முகவரியில் யாருமே இல்லை. எங்கள் கண்காணிப்பு ஐபிவி4-இல் மட்டும் பிங் செய்துகொண்டிருந்ததால் பச்சையாகவே இருந்தது. ஓங்கிய புகாரும் வரவில்லை. முந்திரி நிறுவனத்தில் ஒருவர், "காலைல மொதல் தடவ தொறக்கும்போது கொஞ்சம் நிக்குது, அப்புறம் சரியாயிருது" என்று வேறு வேலைக்குப் போயிருந்த தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னார். அவன் அலட்சியம் செய்யாமல் வந்து கேட்டுப் பார்த்தான். அவனால்தான் தெரிந்தது.

அன்றே சர்வர்களில் தானாக முகவரி எடுப்பதை அணைத்தோம். கடைசியில் ::53 என்று முடிகிற முகவரியைக் கையால் எழுதி, குளூவை மாற்றினோம். பழைய குளூ வைத்திருக்கிறவர்களுக்காக, பழைய முகவரியையும் அதே கார்டில் கூடுதலாக ஒரு வாரம் வைத்திருந்தோம். மும்பையில் ஒரு சின்ன விர்ச்சுவல் சர்வரை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஐபிவி6 வழியாக யுடிபியிலும் டிசிபியிலும் கேட்க வைத்தோம். கேட்பதற்கென்றே 1,700 பைட் டிஎக்ஸ்டி ஒன்றை எங்கள் டொமைனில் உருவாக்கினோம்.

டிசம்பர் நிலவரம்

நவம்பர் நடுவில் மேல் இணைப்பு நிறுவனம் நேரடி ஐபிவி6 தந்தது, டன்னல் போனது. மார்த்தாண்டம் சர்வரின் குளூவை மறுபடி ஏற்றினோம். இந்த முறை மும்பைச் சோதனை ஒரு வாரம் பிசகாமல் ஓடிய பிறகு. டிசம்பர் முடிவில் கருங்கல் பகுதி முழுவதும் ஐபிவி6-க்கு வந்திருந்தது. கேமரா கேட்டவர்களில் சிலருக்கு நேரே கிடைத்தது. சிலருக்கு வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஐபிவி6 இல்லாததால் கிடைக்கவில்லை. அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது எங்கள் குறை, சிலர் மனவருத்தப்பட்டார்கள்.

மறுபடி செய்வதானால்

குளூவைக் கடைசியில்தான் ஏற்றுவேன். சர்வர் காது கொடுப்பது, ஃபயர்வால், கையால் எழுதிய முகவரி, வெளியிலிருந்து பெரிய பதிலோடு ஒரு வாரச் சோதனை, அப்புறம்தான் குளூ. முன்னவற்றில் எது தவறினாலும் ஒரு நொடியில் திரும்பலாம், குளூவில் இரண்டு நாள் ஆகும். ரிசால்வரையும் நேம் சர்வரையும் ஐபிவி6 பக்கம் போவதற்கு முன்னாலேயே பிரிப்பேன். அப்படிச் செய்திருந்தால் தம்பி இரவில் தனியாக முடிவெடுக்க வேண்டிய நிலையும் வந்திருக்காது.

இன்னும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் இரண்டு சர்வரும் ஒரே மாவட்டத்தில், ஒரே மேல் இணைப்பில் இருக்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்ததை அண்ணாச்சி இன்றும் சொல்வார். அதைச் சொல்லித்தான் மூன்றாவது நேம் சர்வர் ஒன்றை மாவட்டத்துக்கு வெளியே வைக்க அவரிடம் கேட்டேன். "தை பொறக்கட்டும், வாங்கிரலாம்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கான ஃபயர்வால் விதிகளைத் தம்பி இப்போதே எழுதி வைத்துவிட்டான். வகை 2 முதல் வரியில் இருக்கிறது.